படித்தவர் சொல்லும் சொல்

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிளை நூலகத்திலிருந்து பழைய நாவல் ஒன்றை எடுத்து வந்தேன். அட்டை கிழிந்து போனதால் நூலகத்தார் தடித்த காகிதம் ஒட்டிக் கட்டியிருந்த படி அது. முதல் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘முதல் ஐம்பது பக்கங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்.’ எழுதியவரின் பெயர் இல்லை, ஊர் இல்லை. பொது நூலகத்தின் புத்தகத்தில் எழுதுவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த இரண்டு வரிகளை நம்பியே அந்நாவலை நான் முழுவதும் படித்தேன்.

அதே நூலில் பதிப்பாளரின் புகழுரையும் ஒரு பக்க அளவில் அச்சாகியிருந்தது. காவியத்திற்கு நிகரானது என்றும் காலத்தை வெல்லும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு எந்த ஆவலும் எழவில்லை. பெயர் தெரியாத அந்த வாசகரோ, நூலின் தொடக்கம் சலிப்பூட்டுவது என்று முதலில் ஒப்புக்கொண்டார். குறையை மறைக்காதவர் என்பதால் அவருடைய பாராட்டை நம்ப முடிந்தது.

நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நிறைவேற்றும் பொறுப்பை அவர் நூலகத்தின்மேல் வைத்தார். நூலகர் எத்துணைத் திறமையுடையவராயினும் அடுக்கில் உள்ள அத்தனை நூல்களையும் படித்திருக்க இயலாது. நமக்கு முன்னே படித்தவர்கள் உண்மையைச் சொன்னால்தான் அவ்விரு விதிகளும் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்பது என் கருத்து. படித்தவர் பொய் சொன்னால் உரிய நூல் உரியவரைச் சென்று சேராது.

நயமும் குற்றமும்

நம் வகுப்பறைகளில் ஒரு நூலைப் பற்றிய கருத்து எவ்வாறு பிறக்கிறது? ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்னும் வினாவை நாம் நெடுங்காலமாக அறிவோம். பாடல் எதுவாயினும் மையக்கருத்து, மோனை நயம், எதுகை நயம், அணி நயம் என்னும் தலைப்புகள் ஆயத்தமாக உள்ளன. ஒவ்வொரு தலைப்பின் கீழும் எழுத வேண்டிய தொடர்களும் ஆயத்தமாக உள்ளன. பாடலைப் படிப்பதற்கு முன்பே விடையின் பாதி எழுதப்பட்டு விடுகிறது. மழையைப் பற்றிய பாடலுக்கும் போரைப் பற்றிய பாடலுக்கும் ஒரே விடை பொருந்துகிறது என்றால், அவ்விடை எழுதியவர் இரண்டில் எதையுமே படிக்கவில்லை என்பதே பொருள். எந்தச் சொல்லில் சற்று நின்றோம், எந்த அடி விளங்கவில்லை, எந்த உவமை வலிந்து புகுத்தியதாகத் தோன்றிற்று என்பனவற்றை நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதே இல்லை.

வினாவின்மேல் மட்டும் பழியைப் போடுவது முறையன்று. நயம் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். மோனையையும் எதுகையையும் அறியாதவர் செய்யுளின் ஓசையை முழுமையாகத் துய்க்க இயலாது. பாராட்டு மட்டுமே மரபு என்று நாமாக எண்ணிக்கொண்டதுதான் பிழை.

பவணந்தி முனிவரின் நன்னூல் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாகவும் அழகுகளைப் பத்தாகவும் வகுக்கிறது. அவற்றுள் குற்றங்களே முதலில் இடம்பெறுகின்றன. சொன்னதையே மீண்டும் சொல்வது குற்றம். முன்னுக்குப் பின் முரண்படுவது குற்றம். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டே போவது குற்றம். சிறப்பாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவதும் குற்றம். இன்று ஒரு நாவலையோ திரைப்படத்தையோ பார்த்துவிட்டு, ‘இடைவேளை வரை நன்றாக இருந்தது, பிறகு இழுத்துவிட்டார்கள்’ என்று நண்பர்களிடம் சொல்கிறோம் அல்லவா? அந்தக் குறைக்கு இலக்கணத்தில் ஓர் இடமும் ஒரு பெயரும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டன.

நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்பதும் நன்னூலின் கருத்து. ஆகவே சிறப்புப் பாயிரத்தை வேறொருவர் பாட வேண்டும். ஆசிரியருக்குக் கற்பித்தவர், அவரோடு உடன் கற்றவர், அவருடைய மாணவர், நூலுக்கு உரை கண்டவர் ஆகியோர் அதற்குரியவர்கள். நால்வருமே நூலையும் நூலாசிரியரையும் நன்கறிந்தவர்கள் என்பது இவ்வேற்பாட்டின் வலிமை. அதுவே அதன் மெலிவும் ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் சாத்துகவிகள் நிரம்பியிருப்பதைக் காணலாம். புலவர்கள் ஒருவர் நூலுக்கு ஒருவர் பாடியளித்த புகழ்ப் பாக்கள் அவை. அப்பாக்களை மட்டும் படித்தால் அக்காலத்தில் சுமாரான நூல் ஒன்றுகூட வெளிவரவில்லை என்றே எண்ணத் தோன்றும்! இன்றைய வாழ்த்துரைகளும் அணிந்துரைகளும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இதற்கு நேர்மாறான கதைகளும் நம்மிடையே உண்டு. வாதில் தோற்ற புலவர்களின் காதை வில்லிபுத்தூரார் குறட்டால் அறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஒட்டக்கூத்தரைப் பற்றி இன்னும் கொடிய கதை உண்டு. இவை வரலாறாக இருக்க வேண்டியதில்லை. குறை சொல்பவர் என்றாலே கையில் குறடு வைத்திருப்பவர் என்னும் அச்சம் நம் நினைவில் ஊறிக் கிடப்பதை மட்டும் இவை காட்டுகின்றன. சாத்துகவிக்கும் குறட்டுக்கும் நடுவே, படித்ததைப் படித்தவாறே சொல்லும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அவ்வழியில் நடந்தவர்களால் தமிழுக்கு நேர்ந்த நன்மை சிறிதன்று.

குடந்தையில் ஒரு கேள்வி

1880ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் என்னும் பெருமை அவருக்கு இருந்தது. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் மரியாதை நிமித்தமாகக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள் என்று சாமிநாதையர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்போ மகிழ்ச்சியோ தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்ற பொருளில் ஒரு கேள்வியே வந்தது. பிறகு சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று அவர் வினவினார். சாமிநாதையர் அந்நூல்களைக் கண்ணாலும் கண்டதில்லை.

இந்நிகழ்ச்சியைச் சாமிநாதையரே ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாக எழுதியுள்ளார். தமக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தையும் அவர் ஒளிக்கவில்லை. தமிழாசிரியர் ஒருவரிடம் நீதித்துறை அலுவலர் ஒருவர் இவ்வாறு கேட்பதை அவமதிப்பாகக் கருதி அவர் எழுந்து வந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் படியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் 1898இல் மணிமேகலையும் தொடர்ந்து வந்தன.

முதலியாரின் கருத்து முழுவதும் சரியானதா? இல்லை என்றே நான் சொல்வேன். சிற்றிலக்கியங்கள் பயனற்றவை அல்ல. அவற்றைப் பாடம் கேட்டுப் பெற்ற பயிற்சி இல்லையேல், பழைய ஏடுகளின் செய்யுள்களைப் பிரித்துப் படிக்கும் ஆற்றல் சாமிநாதையருக்கு வாய்த்திருக்காது. ஆனாலும் அக்கருத்தில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. முதலியார் ஒருவகை நூல்களைக் குறைத்து மதிப்பிட்டதோடு நிற்காமல், எதைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தம்மிடமிருந்த நூலையும் கொடுத்தார். ‘இது வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் நம் நேரத்தை மிச்சப்படுத்துவார். ‘இதற்குப் பதில் இதைப் படித்துப் பாருங்கள்’ என்பவர் நம் வாழ்க்கையையே திருப்பி விடக்கூடும்.

அதன் பிறகு நடந்தது இன்னும் முக்கியமானது. சிந்தாமணியைப் படிக்கப் புகுந்த சாமிநாதையருக்கு அது எளிதில் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். அவரோ சைவ நூல்களில் ஊறியவர். விளங்கிவிட்டதாகப் பாவனை செய்யாமல், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளைத் தேடிச் சென்று அவர்களிடம் ஐயம் கேட்டார். அவர்களுக்கோ அது நாள்தோறும் போற்றிப் படிக்கும் நூலாக இருந்தது. ‘எனக்குப் புரியவில்லை’ என்பதும் ஒரு நூலைப் பற்றிய நேர்மையான கருத்தே. அதைச் சொல்லத்தான் நமக்கு மிகுந்த துணிவு தேவைப்படுகிறது. வகுப்பில் ‘புரிந்ததா?’ என்று ஆசிரியர் கேட்கும்போது எழும் ஒருமித்த ‘புரிந்தது ஐயா’ எத்தனை ஐயங்களை மூடி மறைத்திருக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

பாரதி மகாகவியா?

1930களின் நடுவில் தமிழ் இதழ்களில் ஒரு விவாதம் மூண்டது. பாரதியார் மறைந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. உலகப் பெருங்கவிஞர்களின் வரிசையில் வைத்தற்குரிய மகாகவி பாரதி என்று வ.ரா. முழங்கினார். கல்கி அதை ஏற்கவில்லை. பாரதியை அவர் சிறந்த தேசிய கவியாக மதித்தார். மகாகவி என்னும் சொல்லை அவருக்குத் தர முன்வரவில்லை. நண்பர்களும் அன்பர்களும் இரு பக்கமாகப் பிரிந்து எழுதினார்கள்.

இன்று படிக்கும்போது கல்கியின் நிலைப்பாடு நமக்கு வியப்பளிக்கிறது. சிலருக்குச் சினமும் வரலாம். அவர் தம் கருத்தை விழுங்கிக்கொண்டு ஊரோடு சேர்ந்து முழங்கியிருந்தால் நமக்கு ஓர் இழப்பு நேர்ந்திருக்கும். அவருடைய மறுப்புக்கு விடையளிக்க வேண்டிய கட்டாயம் மறுதரப்பினருக்கு ஏற்பட்டது. ‘மகாகவிதான்’ என்று உரக்கச் சொல்வது போதவில்லை. ஏன் என்று காட்ட வேண்டியதாயிற்று. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் பாடல்களையே சான்றாக எடுத்துக்கொண்டு கட்டுரைகள் எழுதினார்கள். அவை 1937ஆம் ஆண்டு ‘கண்ணன் என் கவி’ என்னும் நூலாக வந்தன. பாரதியைப் பற்றிய தொடக்ககாலத் திறனாய்வு நூல்களுள் அது முதன்மையானது. எதிர்க்கருத்து ஒன்று நேர்மையாகச் சொல்லப்பட்டிராவிட்டால் அந்நூல் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

கல்கியைப் பாரதியின் பகைவராக எவரும் கருதிவிடக் கூடாது. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வேண்டும் என்று தம் இதழின் வழியாக வாசகர்களிடம் நிதி திரட்டியவர் அவரே. 1947ஆம் ஆண்டு அம்மண்டபம் திறக்கப்பட்டது. ஒருவரின் கவிதையை அளந்து பார்ப்பதும் அவரை நேசிப்பதும் ஒரே நெஞ்சில் இடம்பெற முடியும் என்பதற்கு அந்த மண்டபம் சான்றாக நிற்கிறது.

கூடிப் பேசும் இடங்கள்

தனியே உருவாகும் கருத்து பிறர்முன் பேசப்படும்போதுதான் அதன் உறுதி தெரியும். 1920களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் நண்பர்கள் கூடினார்கள். கூடிய இடத்தின் வட்ட வடிவத்தால் அந்தக் கூட்டத்திற்கே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் வந்தது. பதவியும் பட்டமும் அங்கே கணக்கில் வரவில்லை. கம்பனின் ஒரு பாடலை இரசிகமணி பாடி, மீண்டும் பாடி, அதன் சுவை கேட்பவருக்குப் பிடிபடும் வரை விடமாட்டார். கம்பன் பாடல்களில் பல இடைச்செருகல் என்றும் அவர் துணிந்து சொன்னார். தம் சுவைக்கு உகந்தவற்றைத் தேர்ந்து, சில இடங்களில் சொற்களையும் மாற்றிப் பதிப்பித்தார். புலவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். இதில் நான் புலவர்களின் பக்கம். ‘இப்பாடல் எனக்குச் சுவைக்கவில்லை’ என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ‘எனக்குச் சுவைக்கவில்லை, ஆகவே இது கம்பன் பாட்டன்று’ என்பது சுவையின் எல்லையைக் கடந்த தீர்ப்பு. எனினும் கம்பனை அறிஞர்களின் அலமாரியிலிருந்து எடுத்துப் பலருடைய பேச்சில் வைத்தவர்களுள் அவருக்குத் தனியிடம் உண்டு.

1970ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட இலக்கியச் சிந்தனை அமைப்பின் முறை வேறு. அந்தந்த மாதம் தமிழ் இதழ்களில் வெளியான சிறுகதைகளை ஒருவர் படித்து, தம் கருத்தைக் கூட்டத்தில் எடுத்துரைத்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். புகழ்பெற்ற எழுத்தாளர் கதையும் முதன்முதலாக எழுதியவர் கதையும் அவர் மேசையில் அருகருகே கிடக்கும். எதையும் படிக்காமல் விட்டுவிட முடியாது. தேர்ந்ததற்கான காரணத்தை அவர் பலர்முன் சொல்லியாக வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அக்கதைகளைப் படித்தவர்களும் இருப்பார்கள் என்பதால் மேம்போக்காகப் பேசித் தப்பவும் முடியாது.

பள்ளியிலும் இது நடக்கக் கூடியதே. நான்கைந்து பேர் ஒரே நூலைப் படித்துவிட்டு ஒரு மாலை கூடினால் போதும். தடையாக இருப்பது ஒன்றுதான்: பிறர் என்ன நினைப்பார்களோ என்னும் கூச்சம். பதினாறு வயதில் நான் துப்பறியும் மாத நாவல்களை விரும்பிப் படித்தேன். யாராவது கேட்டால், படித்திராத பெரிய நாவல்களின் பெயர்களைச் சொல்வேன். அவை எனக்கு மிகவும் பிடித்தவை என்றும் சேர்த்துக்கொள்வேன். அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்று அஞ்சி உடனே பேச்சை மாற்றுவேன். அந்தத் துப்பறியும் கதைகளில் ஒரு மர்மம் எவ்வாறு பின்னப்படுகிறது, எந்த இடத்தில் வாசகரை ஏமாற்றுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி யாரிடமாவது மனம் திறந்து பேசியிருந்தால் கதையின் கட்டமைப்பைப் பற்றி நான் அப்போதே சிலவற்றைக் கற்றிருப்பேன்.

நேர்மை என்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. ‘மொக்கை’ என்று ஒரு சொல்லில் ஒரு நூலைத் தள்ளுவதும் ‘அருமை’ என்று ஒரு சொல்லில் தூக்கி வைப்பதும் ஒரே அளவு சோம்பல். எந்த அத்தியாயத்தில் சலிப்பு வந்தது? ஒரு பாத்திரம் செய்த செயல் ஏன் நம்பும்படியாக இல்லை? அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட முடிந்தால் கேட்பவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, ஒப்பவோ மறுக்கவோ செய்யலாம். நூலைப் பாதியில் நிறுத்தியிருந்தால் பாதியில் நிறுத்தியதையும் சொல்லிவிட வேண்டும். எழுதியவர் நம் ஊர்க்காரர், நம் ஆசிரியர், நமக்கு வேண்டியவர் என்றால் அதையும் சொல்வது நல்லது. கேட்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொள்வார்.

கருத்துக்கு வயதும் உண்டு. பதினாறில் தள்ளிய நூலை நாற்பதில் கண்ணீரோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள். அன்று நெஞ்சோடு அணைத்த நூலைப் பிறகு திறந்து பார்த்து, இதையா வியந்தோம் என்று திகைப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பு சொன்னது பொய்யாகிவிடாது. அன்றைய வாசகர் அன்றைய உண்மையைச் சொன்னார். நான் படித்த நூல்களைப் பற்றி ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வருவது இதற்காகத்தான். பழைய பக்கங்களைப் புரட்டும்போது சில இடங்களில் வெட்கமாக இருக்கிறது. எதையும் அடித்துத் திருத்தியதில்லை.

அந்த நூலக நாவலை முடித்தபோது கடைசிப் பக்கத்தின் கீழே இன்னொரு கையெழுத்து இருந்தது. இது நீல மையில், சற்று நடுங்கிய எழுத்து. நாவலின் முதல் ஐம்பது பக்கங்கள் ஓர் ஏரியையும் அதன் மதகுகளையும் பாசன முறையையும் நீளமாக வருணிப்பவை. கதை அங்கே நகரவே இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். அந்த வாசகர் எழுதியிருந்தார்: ‘முதல் பக்கத்தில் எழுதியவருக்கு: எங்கள் ஊர் ஏரி வற்றுவதற்கு முன் இப்படித்தான் இருந்தது. நான் அந்த ஐம்பது பக்கங்களுக்காகத்தான் இதை இரண்டாம் முறை எடுத்து வந்தேன்.’

நூலைத் திருப்பித் தர இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்றிரவு முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினேன்.